இலவசப் பெட்டியும் இழக்கும் உரிமையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வியாபாரிக்கு இந்தப் பழமொழி ஒத்துவராது. பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை இலவசம் என்று ஏஜென்ட் வந்து நின்றால், அந்த இலவச மூட்டையின் தேதியைத்தான் நாம் முதலில் பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பழகிய நாம், வீட்டுச் சுவரில் இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியை மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பெட்டி யாருடையது, அது யார் சொல்படி நடக்கிறது, அதற்குப் பதில் நம் சொந்தப் பெட்டியை வைக்க முடியுமா என்பதைப் பற்றி இங்கே சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறோம்.

வீட்டு விஷயம் வணிகர் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் வட்டாரத்தில் வீடு வேறு, கடை வேறு என்று இருப்பவர்கள் எத்தனை பேர்? பென்னலூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கீழே கடை, மாடியில் குடும்பம் என்று வாழ்பவர்கள் ஏராளம். கடை சாத்திய பிறகு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஜி.எஸ்.டி. கணக்கு போடுவதும், சரக்குக்கு ஈ-வே பில் எடுப்பதும், மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்புவதும் வீட்டு இணைப்பில்தான். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் ஈ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்டு முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு ஈ-இன்வாய்ஸும் கட்டாயமானது. ஆகவே கல்லாப்பெட்டிக்கு உள்ள மரியாதை இன்று அந்த வெள்ளைப் பெட்டிக்கும் உண்டு. கல்லாச் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவோமா?

குளிர்பெட்டி சொல்லும் பாடம்

குளிர்பானக் கம்பெனி ஓசியில் கொடுக்கும் ஃபிரிட்ஜ் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். ஃபிரிட்ஜ் அவர்களுடையது. இடம் நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது. ஆனால் அதில் வேறு கம்பெனி பாட்டிலையோ நம் ஊர் கோலி சோடாவையோ வைத்தால் சேல்ஸ்மேன் முகம் சுளிப்பார். பொருள் அவர்களுடையது என்பதால் நம் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் அவர்கள் சட்டம் நடக்கிறது.

இதே வழக்கு வெளிநாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அயர்லாந்து நாட்டில் யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த எச்.பி. ஐஸ்கிரீம் நிறுவனம் சிறு கடைகளுக்கு உறைபெட்டிகளைக் கட்டணமில்லாமல் கொடுத்து, அதில் தன் ஐஸ்கிரீமை மட்டுமே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. போட்டி நிறுவனமான மார்ஸ் புகார் செய்தது. சின்னக் கடையில் இரண்டாவது பெட்டி வைக்க இடம் ஏது? எனவே இந்த நிபந்தனை மற்றவர்களைக் கடைக்கு வெளியே நிறுத்துகிறது என்று 1998-ல் ஐரோப்பிய ஆணையம் முடிவு சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்து 2003-ல் தோற்றது. 2006-ல் அடுத்த மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பெட்டி உன்னுடையதாக இருக்கலாம், அதை வைத்துக் கடைக்காரனின் கையைக் கட்டக் கூடாது என்பதே அந்த வழக்கின் சாரம். இணையப் பெட்டிக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்தும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கண்ணாடி இழை இணைப்பில் வரும் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கேபிளில் வரும் ஒளியை நம் கருவிகளுக்குப் புரியும் மின்குறியாக மாற்றுவது முதல் வேலை. இதைச் செய்யும் பாகத்துக்கு ஓ.என்.டி. என்று பெயர். அப்படி வந்ததை போன், கணினி, டி.வி., கேமரா எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும், வெளியாள் உள்ளே புகாமல் காப்பதும் இரண்டாவது வேலை. இதைச் செய்வதுதான் ரூட்டர். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது ஒருவர் வேலை. கிடங்கில் அடுக்கி, பூட்டி, யாருக்கு எவ்வளவு என்று கொடுப்பது இன்னொருவர் வேலை. இப்போது இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இறக்குகிறவர் கையிலேயே கிடங்குச் சாவியும் போய்விட்டது.

பல நிறுவனங்கள் தங்கள் பெட்டியைத் தொலைவிலிருந்தே இயக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. பழுது பார்ப்பதற்கு அது உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. வை-ஃபை கடவுச்சொல்லை மறந்துவிட்டவருக்குப் போனிலேயே மாற்றித் தருகிறார்கள். ஆனால் எந்த வழியாக உதவி வருகிறதோ அதே வழியாகத்தான் மற்றதும் வரும். நாம் செய்து வைத்த அமைப்பு ஒரு நாள் காலையில் மாறியிருக்கலாம். சில பெட்டிகளில் முக்கியமான பக்கங்கள் வாடிக்கையாளருக்குத் திறப்பதே இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவன் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்பதுபோல், சொந்த வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கருப்பு போன் காலத்திலிருந்து

இது புதிய பிரச்சினை அல்ல. தந்தி தபால் இலாகா கொடுத்த கருப்பு போன் பலருக்கு நினைவிருக்கும். லைனும் அவர்களுடையது, போனும் அவர்களுடையது. 1984-ல்தான் தொலைபேசிக் கருவி தயாரிக்கத் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு பொத்தான் அமுக்கும் போன்கள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. போன் நம்முடையது, லைன் மட்டுமே இலாகாவுடையது என்றாயிற்று. அதனால் லைன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1995 ஆகஸ்டு 15-ல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோது, மோடம் வாங்கிப் பொருத்துவது வாடிக்கையாளர் பாடாக இருந்தது. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண் மாறாமல் செல்போன் நிறுவனம் மாறும் வசதி வந்தபோது, எண்ணும் நம்முடையதாயிற்று. ஆக, படிப்படியாக வாடிக்கையாளர் கைக்கு வந்த உரிமை, கண்ணாடி இழை காலத்தில் சத்தமில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

டி.வி. பெட்டியின் கதியைப் பாருங்கள். கேபிள் ஆபரேட்டரை மாற்றினால் நல்ல நிலையில் இருக்கும் செட்-டாப் பாக்ஸ் பரணுக்குப் போகிறது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும்படி பெட்டிகள் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரையின் நியாயம் ரூட்டருக்கும் உண்டு.

ஜெர்மனியில் இதே பிரச்சினைக்குச் சட்டமே வந்தது. பெட்டியும் எங்கள் வலைப்பின்னலில் ஒரு பாகம் என்று அங்குள்ள நிறுவனங்கள் வாதிட்டன. இல்லை, உங்கள் எல்லை சுவரில் உள்ள இணைப்புப் புள்ளியோடு முடிந்தது, அதற்கு மேல் வாடிக்கையாளர் விருப்பம் என்று சட்டம் சொன்னது. 2016 ஆகஸ்டு 1 முதல் அங்கே சொந்த ரூட்டர் வைப்பது வாடிக்கையாளரின் உரிமை. இணைப்புக்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு இணைய விதியும், தான் விரும்பிய கருவியைப் பயன்படுத்தும் உரிமை பயனாளருக்கு உண்டு என்கிறது.

நம் நாட்டிலும் இது நடக்காத காரியம் அல்ல. பி.எஸ்.என்.எல். கண்ணாடி இழை இணைப்பில் வாடிக்கையாளரே வெளியில் வாங்கிய ஓ.என்.டி.யைப் பொருத்திக்கொள்ள இடமிருக்கிறது. ஒரு நிறுவனத்தால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியாது?

பூட்டு இருந்தும் சாவி ஒன்றே

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பல ஊர்களில் ஒரே சமயத்தில் முடங்கின. காரணம், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடம்களுக்குள் புகுந்த ஒரு தீய நிரல். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் வேண்டுகோள் விடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 நவம்பரில், ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. தொலைவிலிருந்து பெட்டியை இயக்குவதற்காகத் திறந்து வைத்த வழியைத்தான் அங்கே தாக்கினார்கள். ஊர் முழுக்க ஒரே மாதிரிப் பூட்டு, ஒரே மாதிரிச் சாவி என்றால் திருடனுக்கு ஒரு சாவி செய்தால் போதும்.

சொந்தப் பெட்டி வாங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அதிலும் பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் அதே கதிதான். வேறுபாடு என்னவென்றால், மாற்றும் அதிகாரம் முழுவதும் நம் கையில் இருக்கும்.

குடித்தனக்காரர்களும் வை-ஃபையும்

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தனிச் சங்கடம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவந்தது முதல் இங்கே வாடகை அறைகளுக்குக் குறைவில்லை. ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள், பென்னலூர் பொறியியல் கல்லூரி மாணவர்கள், வடநாட்டுத் தொழிலாளர்கள் என்று பலரும் நம் மாடியிலும் பின்கட்டிலும் குடியிருக்கிறார்கள். அவர்களே நம் கடை வாடிக்கையாளர்களும் கூட. அண்ணாச்சி, வை-ஃபை பாஸ்வேர்டு கொடுங்கள் என்று கேட்கும்போது மறுக்க மனம் வருவதில்லை. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவருக்குச் சொன்னது ஒன்பது பேருக்குப் போகிறது. அறை காலி செய்துவிட்டுப் போனவர் போனிலும் அது இருக்கிறது. நம் பில்லிங் கணினியும் கடைக் கேமராவும் அதே வை-ஃபையில்தான் இருக்கின்றன.

2008 ஜூலை 26-ல் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வை-ஃபை வழியாக அது அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர் வாசலில்தான். வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று 2009-ல் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இணைப்பு நம் பெயரில் இருக்கும்வரை விசாரணையும் நம் பெயரில்தான் தொடங்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெட்டியை அப்படியே இருக்க விடுங்கள். அதிலிருந்து ஒரு ஒயர் எடுத்து உங்கள் சொந்த ரூட்டரில் கொடுங்கள். கடைக் கணினி, கேமரா, குடும்பத்தார் போன் எல்லாம் சொந்த ரூட்டரில் இருக்கட்டும். விருந்தாளிக்குக் கொடுப்பதானால் வெளிப்பெட்டியின் வை-ஃபையைக் கொடுங்கள். திண்ணை வேறு, உள்கட்டு வேறு என்று நம் முன்னோர் வீடு கட்டினார்களே, அதே முறைதான். திண்ணையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு உள்கட்டுக் கணினி தெரியாது. எடுத்த எடுப்பில் நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்கவும் தேவையில்லை.

இணையத்தைக் காசுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் வீட்டு இணைப்பை அப்படியே பங்கிட்டு விற்கக் கூடாது. அதற்கு 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமலே, பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் வை-ஃபை விற்க அதில் வழி உண்டு.

இரண்டு வாசல் வேண்டும்

ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் நின்றபோது ஸ்ரீபெரும்புதூர் அதைக் கண்ணால் பார்த்தது. இணையத்திலும் அதே பாடம்தான். சாலை வேலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பொக்லைன் தோண்டினால் முதலில் அறுபடுவது கேபிள். அந்த நேரத்தில் எவ்வளவு உயர்ந்த ரூட்டராக இருந்தாலும் அறுந்த கேபிளில் இணையம் வராது. ஆனால் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை ஏற்கும் ரூட்டர்களும், சிம் கார்டு போடும் இடமுள்ள ரூட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. ஒன்று நின்றால் மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொள்ளும். தன் போட்டியாளரின் இணைப்பைச் சொருகும்படியான பெட்டியை எந்த நிறுவனம் நமக்கு இலவசமாகக் கொடுக்கும்? நிறுவனத்தை மாற்றும்போதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் கடவுச்சொல்லை மறுபடி போட வேண்டியதில்லை. வெளியே ஒயர் மட்டுமே மாறும்.

வரவு செலவுக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்குச் சொல்லாமல் யோசனை சொல்லக் கூடாது. பெட்டி வாடகை மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு 3,600 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 648 ரூபாய். மொத்தம் 4,248 ரூபாய் கொடுத்த பிறகும் பெட்டி நம்முடையது ஆகாது. இரண்டு அலைவரிசையில் இயங்கும் சாதாரண ரூட்டர் சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சிம் போடும் வகைக்கு இன்னும் கூடுதலாகும். ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு உள்ளீட்டு வரிச் சலுகையும் எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

வாடகையே வாங்காமல் பெட்டி கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே பணக் கணக்குப்படி பார்த்தால் சொந்தப் பெட்டி செலவுதான். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்தின் பெட்டி இடியில் கருகினால் அவர்களே மாற்றித் தருவார்கள். சொந்தப் பெட்டி கருகினால் செலவு நம் தலையில். இணையம் நின்றால், உங்கள் ரூட்டரில்தான் கோளாறு என்று வாடிக்கையாளர் சேவையில் சுலபமாகக் கைகழுவிவிடுவார்கள். சொந்த ரூட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் நம் பொறுப்பே. வாங்கி மாட்டிவிட்டு ஐந்து ஆண்டு திரும்பிப் பார்க்காதவர்களுக்கு நிறுவனத்தின் பெட்டியே மேல். வீட்டில் இரண்டு போன், ஒரு டி.வி. மட்டும் உள்ளவர்கள் இதற்காக அலைய வேண்டாம். கடைக் கணக்கு வீட்டு இணைப்பில் ஓடுகிறவர்கள், கேமரா வைத்திருப்பவர்கள், குடித்தனம் விட்டிருப்பவர்கள் மட்டும் அவசியம் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மாற்றத் தீர்மானித்தவர்கள் முதலில் நிறுவனத்திடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள். இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்று. வி-லேன் எண் என்று ஒன்று இருந்தால் அது இரண்டு. லேண்ட்லைன் போன் அதே பெட்டியில் ஓடுகிறதா என்பது மூன்று. மூன்றாவதைக் கேட்காமல் பெட்டியைக் கழற்றினால் போன் ஊமையாகிவிடும். பெரும்பாலான இடங்களில் ஓ.என்.டி.யின் வரிசை எண் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும் என்பதால், நாமாக வேறு ஓ.என்.டி.யை மாட்டினால் வேலை செய்யாது. அதனால் அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோட் என்னும் நிலையில் வைக்கச் சொல்லிக் கேட்பதே நல்லது. அப்போது அது மூட்டை இறக்கும் வேலையை மட்டும் செய்யும். கிடங்குப் பொறுப்பை நம் ரூட்டர் ஏற்கும். அதற்கு நிறுவனம் மறுத்தால், முன்பு சொன்ன திண்ணை முறை இருக்கவே இருக்கிறது.

புது ரூட்டர் வந்த அன்றே நிர்வாகக் கடவுச்சொல், வை-ஃபை கடவுச்சொல் இரண்டையும் மாற்றிக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கடைப் பெயரோ செல்போன் எண்ணோ கடவுச்சொல்லாக வேண்டாம். பொத்தானை அமுக்கினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள். அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மின்வெட்டுக்கு ரூட்டருக்கென்றே சின்ன பேட்டரி கிடைக்கிறது. ஓ.என்.டி., ரூட்டர் இரண்டுக்கும் அது வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்காமல் விடாதீர்கள். ரசீது இல்லாத பொருள், கொடுக்காத பொருளாகவே கணக்கில் நிற்கும்.

சங்கம் கேட்க வேண்டியது

ஒரு கடைக்காரர் தனியாகப் போய்க் கேட்டால், எங்கள் சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை சார் என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுவார்கள். ஐந்நூறு இணைப்புகள் உள்ள சங்கம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். நம் பகுதியில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களிடமும் கேபிள் ஆபரேட்டர்களிடமும் சங்கம் நான்கு கோரிக்கைகளை வைக்கலாம். கேட்டவர்களுக்கு பிரிட்ஜ் மோட் மறுக்காமல் கொடுக்க வேண்டும். இணைப்பு விவரங்களை விண்ணப்பத்தின்போதே எழுத்தில் தர வேண்டும். பெட்டிக்கு வாடகை அல்லது வைப்புத்தொகை எவ்வளவு என்பதை பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். சொந்த ரூட்டர் வைத்தவர் புகார் கொடுத்தாலும் கேபிளும் ஓ.என்.டி.யும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கைவிரிக்க வேண்டும். இதில் எதுவும் நிறுவனத்துக்கு நஷ்டம் தருவதல்ல. மாதச் சந்தா அவர்களுக்கு வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருக்கும்.

சரக்கு யாரிடம் வாங்கினாலும் தராசு நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது கடை வைத்தவர்களின் பால பாடம். சரக்கு கொடுப்பவரே தராசும் கொண்டுவந்தால் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். இணையம் என்ற சரக்குக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியின் பில்லையும் ஒப்பந்தத் தாளையும் கையோடு எடுத்து வந்தால், பேச வேண்டியது அங்கேயே தெளிவாகிவிடும்.